துண்டுக்கு அடியில் இருப்பதை எடை போடுவது: கேலக்ஸியின் நடுவில் கருந்துளையைத் தேடிய கதை

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என்னை முதல்முறை கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது இருக்கும். வெள்ளகோயிலுக்குப் பக்கம், சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடும் சந்தை. திரும்பிய பக்கமெல்லாம் காங்கேயம் மாடுகள். ஒரு மயிலைக் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்று பெயர்தானே தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தன. விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள், விரலை மடக்கியே குறைப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க அப்புச்சி, என்ன வெல பேசறாங்க?"

"துண்டையே பாத்துட்டிருந்தா எப்படிக் கண்ணு தெரியும்? ரண்டு பேரு முழங்கையையும் பாரு."

வெடுக்கென்று முழங்கை பின்னால் போனால் விலை கட்டவில்லை. தளர்ந்து தொங்கினால் கிட்ட வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்புச்சி ஒரு தொகையைச் சொன்னார். காளை கைமாறியது கிட்டத்தட்ட அந்தத் தொகைக்குத்தான்.

கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். கருந்துளை என்பது ஒளிகூடத் தப்பி வர முடியாத அளவுக்குக் கனம் நெருங்கிக் கிடக்கும் இடம். 2019 ஏப்ரலில் எம்87 கேலக்ஸியின் கருந்துளைப் படம் வந்ததும், 2022 மே மாதத்தில் நம் சூரியன் இருக்கும் கேலக்ஸியான பால்வழியின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆரஞ்சு வளையம், நடுவில் இருட்டு. எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றியது. படம் வந்ததால்தான் கருந்துளை இருப்பது உறுதியானது என்று நினைத்தவர்களும் நிறைய. அது சரியில்லை. பால்வழியைப் பொறுத்தவரை வழக்கு ஏறக்குறைய 2002-லேயே முடிந்துவிட்டது. முடித்துவைத்தவை நட்சத்திரங்கள். துண்டை யாரும் விலக்கவில்லை, முழங்கைகளைப் பல வருஷம் பார்த்தார்கள்.

முதலில், அந்த நடுப்பகுதி நம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வீட்டுத் தினசரிக் காலண்டரில் மூல நட்சத்திரம் என்று போட்டிருக்கும் நாளில் இரவு நிலா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்குத் தெற்கே, நீட்டிய கையில் ஒன்றரைக் கைமுட்டி தூரத்துக்குள் பால்வழியின் நடு இருக்கிறது. தனுசு ராசியின் தொடக்கம், தேள் கொடுக்குக்குப் பக்கம். மூலம் என்ற பெயரும் கேலக்ஸியின் மூலமும் ஒத்துப்போவது தற்செயல். முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று இதை வைத்துப் பதிவு போட வேண்டாம். பெண் மூலம் என்று சொல்லி நல்ல வரன்களைத் தட்டிக்கழித்த ஊர் நம்முடையது. அந்தத் திசையைப் பற்றி நாம் சேர்த்துவைத்த அறிவு பெரும்பாலும் அந்த ரகம்தான்.

கோவை, ஈரோடு, தாராபுரம் எல்லாம் ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், அந்த இடம் நமக்குத் தெற்கில் 50 பாகை உயரம் வரை ஏறும். இந்த ஆராய்ச்சியில் பாதி நடந்த ஹவாய் தீவில்கூட அது 41 பாகைக்கு மேல் ஏறாது. ஆடி மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நேர் தெற்கில் நிற்கும். ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகம் விட்டால்தானே? உடுமலைப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரியும், தனுசு தெரியாது. புரட்டாசி முன்னிரவு பரவாயில்லை.

மேகமே இல்லாவிட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நமக்கும் நடுவுக்கும் இடையே சுமார் 27,000 ஒளியாண்டு தூரம், வழியெல்லாம் தூசி. அங்கிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேருகிறது. அகச்சிவப்பு ஒளி அவ்வளவு மோசமாகத் தடைபடுவதில்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தப்பி வந்துவிடும். ரேடியோ அலைக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. அதனால் கதை ரேடியோவில்தான் தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர், தொலைபேசித் தொடர்பில் வரும் இரைச்சலின் காரணத்தைத் தேடிப்போய், அதில் ஒரு பகுதி தனுசு ராசித் திசையிலிருந்து வருவதைக் கண்டார். 1963-ல் மார்ட்டின் ஷ்மிட், நட்சத்திரம் மாதிரித் தெரியும் குவாசர்கள் என்ற ஒளிப்புள்ளிகளின் அசாத்தியத் தொலைவைக் கண்டுபிடித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு வெளிச்சம் என்றால் உள்ளே எரிவது என்ன? 1969-ல் டொனால்ட் லிண்டன்-பெல் துணிந்து ஒரு யோசனை சொன்னார். குவாசர்களை இயக்குவது பிரம்மாண்டமான கருந்துளைகள், அவை இரை தீர்ந்து அடங்கிய பிறகு சாதாரண கேலக்ஸிகளின் நடுவிலும் கிடக்கும், நம்முடையதிலும்தான் என்றார். 1974-ல் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் இருவரும் பால்வழியின் நடுவில் ஒரு மிகச் சிறிய ரேடியோப் புள்ளியைப் பிடித்தார்கள். அதற்குச் சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்று பெயர்.

அதே காலத்தில் நம் பக்கத்து மலையிலும் ரேடியோ வானியல் நடந்துகொண்டிருந்தது. கோவைக்கு வடமேற்கே தெரியும் நீலகிரியில், ஊட்டி முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி 1970-ல் செயல்படத் தொடங்கியது. கோவிந்த் ஸ்வரூப் கட்டியது. சுமார் 11 பாகை சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் வைத்தார்கள். அட்சரேகையும் சரிவும் ஒன்று என்பதால் தொலைநோக்கியின் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். ஒரு ரேடியோ மூலத்தின் முன்னால் நிலா நகர்ந்து அதை மறைக்கும் கணத்தை வைத்து அந்த மூலம் எவ்வளவு பெரியது என்று அளந்தார்கள். மறைப்பதைப் பயன்படுத்தியே பார்ப்பது. அப்புச்சிக்குப் பிடித்திருக்கும்.

சரி, ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. அது கருந்துளைதான் என்று எப்படிச் சொல்வது? பளிச்சென்று ரேடியோவில் தெரிவதாலேயே ஒன்று கனமானது என்றாகிவிடாது. எடை போட வேண்டும். எடை போட ஒரே வழி, பக்கத்தில் ஓடுவதைப் பார்ப்பது. எவ்வளவு வேகமாக ஓடியும் தப்பிப் போகாமல் சுற்றுகிறதோ, அதைப் பிடித்துவைத்திருப்பது அவ்வளவு கனம்.

முதலில் பார்த்தது வாயுவை. லேசருக்கு அடித்தளமிட்ட வேலைக்காக 1964-ல் நோபல் வாங்கிய சார்லஸ் டவுன்ஸ், 1970-களின் பிற்பகுதியில் தம் குழுவோடு நடுப்பகுதி வாயு மேகங்களின் வேகத்தை அகச்சிவப்பில் அளந்தார். உள்ளே போகப் போக வேகம் கூடியது. கணக்குப் போட்டால் சில பத்து லட்சம் சூரியன்களின் எடை வந்தது. பலர் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. வாயுவை எது வேண்டுமானாலும் தள்ளும். பக்கத்து நட்சத்திரங்களின் காற்று தள்ளும், காந்தப்புலம் இழுக்கும், பழைய வெடிப்பின் அலை உந்தும். ஆடிக் காற்றில் பறக்கிற பஞ்சைப் பார்த்துவிட்டு இது யார் இழுத்ததால் பறக்கிறது என்று கேட்பது மாதிரி.

நட்சத்திரம் அப்படியில்லை. சூரியனைப் போலப் பல மடங்கு கனமான ஓர் உருண்டையைக் காற்றோ காந்தமோ அசைக்க முடியாது. அது ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படும். இந்தத் துறை முழுக்க நிற்பது இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் என்று எனக்குத் தோன்றும். வாயுவின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நட்சத்திரத்தின் சாட்சியை அவ்வளவு சுலபமாக உடைக்க முடியாது.

ஆனால் நட்சத்திரத்தை அங்கே தனித்தனியாகப் பார்ப்பது பெரும்பாடு. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் நாலு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. பால்வழியின் நடுவில் அதே இடைவெளிக்குள் லட்சக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. போதாததற்கு நம் தலைக்கு மேல் காற்று வேறு. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும்போது கொப்பரைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பாருங்கள். மூக்கும் மீசையும் நெளியும், ஆள் யாரென்றே சில சமயம் பிடிபடாது. நட்சத்திர ஒளி நம் காற்றுக்குள் வரும்போது நடப்பதும் அதுதான், மினுக்குகிறது என்கிறோம். நெருங்கி நிற்கும் பத்து நட்சத்திரங்கள் நெளிந்தால் ஒரே கூழாகிவிடும்.

இதற்கு முதலில் கண்ட வழி ரொம்ப எளிமையானது. நெளிவதற்கு நேரம் கொடுக்காமல், நொடியில் ஒரு பங்கு நேரமே படம் எடுப்பது. அப்படி ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்தி அடுக்குவது. 1992-ல் ரைன்ஹார்ட் கென்ஸல் குழு சிலி நாட்டின் லா சியா மலையில் 3.5 மீட்டர் தொலைநோக்கியை வைத்து இதைத் தொடங்கியது. டவுன்ஸின் வாயுக் கணக்குகளில் உடனிருந்தவர்தான் கென்ஸல். 1995-ல் ஆண்ட்ரியா கெஸ் ஹவாயின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கியில் தனியாகத் தொடங்கினார். இரண்டும் போட்டிக் குழுக்கள். ஒன்று சொன்னதை மற்றது சரிபார்த்துக்கொண்டே இருந்தது. இந்த விஷயத்தில் பங்காளிச் சண்டை அறிவியலுக்கு நல்லதாகவே முடிந்தது.

அடுத்த படி, வளையும் கண்ணாடி. மேலே காற்று எப்படி நெளிகிறது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கு எதிராக ஒரு சின்னக் கண்ணாடியை நெளித்துவிட்டால் இரண்டு நெளிவும் சேர்ந்து படம் நேராகிவிடும். அளப்பதற்குப் பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். இல்லாத இடத்தில் லேசர் அடித்து, 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்து ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்குகிறார்கள். டவுன்ஸின் வாயுவை நம்பாதவர்களை நம்பவைக்க, அவர் அடித்தளமிட்ட லேசரே கடைசியில் உதவிக்கு வந்தது.

முதல் சில வருஷங்களில் தெரிந்தது வேகம் மட்டும். படத்துக்குப் படம் சில புள்ளிகள் இடம் மாறியிருந்தன. நடுவுக்குப் பக்கத்தில் இருப்பவை நொடிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடின. அப்புறம் பாதைகள் வளைவது தெரிந்தது. எல்லாம் வளைந்தது ஒரே புள்ளியைச் சுற்றி. அந்தப் புள்ளியில் நட்சத்திரம் எதுவும் இல்லை. இருந்தது 1974-ல் கண்ட ரேடியோப் புள்ளி.

எஸ்2 என்ற நட்சத்திரம்தான் கதாநாயகன். கெஸ் குழு அதை எஸ்0-2 என்று அழைக்கும், அந்தளவுக்குப் போட்டி. ஒரு சுற்றுக்கு 16 வருஷம். வானத்தில் அந்தப் பாதை முழுவதும் எவ்வளவு பெரியதாகத் தெரியும் தெரியுமா? காங்கேயத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்திவைத்துவிட்டுத் திருப்பூரிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு. அந்த நாணயத்தின் விளிம்பில் ஊரும் எறும்பின் இடத்தைத்தான் வருஷக்கணக்கில் குறித்துவந்தார்கள்.

2002-ல் எஸ்2 அந்தப் புள்ளிக்கு மிக அருகில் வந்து, சாட்டை மாதிரி சுழன்று திரும்பியது. அதுவரை குறித்த புள்ளிகளோடு இதுவும் சேர்ந்ததும் நீள்வட்டம் முழுமையாகத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் அக்டோபரில் கென்ஸல் குழு கட்டுரை வெளியிட்டது.

இனி கணக்கை நாமே போடலாம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கெப்ளரின் மூன்றாம் விதி: பாதையின் சராசரி அளவை, அதாவது நீள்வட்டத்தின் நீளத்தில் பாதியை, சூரியன்–பூமி தூரத்தின் மடங்கில் எடுத்துக்கொண்டு மூன்று முறை பெருக்கு. சுற்றும் காலத்தை வருஷத்தில் எடுத்து இரண்டு முறை பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நடுவில் இருப்பதன் எடை, எத்தனை சூரியன் என்று வந்துவிடும். பூமிக்குப் போட்டால் ஒன்றை ஒன்றால் வகுத்து ஒன்று, ஒரு சூரியன். சரியாக இருக்கிறது. எஸ்2-க்கு அந்த அளவு ஏறக்குறைய 1,030, காலம் 16. 1,030-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 109 கோடி. 16-ஐ இரண்டு முறை பெருக்கினால் 256. வகுத்தால் 42 லட்சத்துச் சொச்சம். ஆராய்ச்சியாளர்கள் எல்லாத் திருத்தங்களும் செய்து சொல்வது 43 லட்சம் சூரியன். பத்தாம் வகுப்புக் கணக்கு நம்மை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவிடுவதை நினைத்து எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

1,030 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். படத்தில் தெரிவது கோணம் மட்டும். கோணத்தைக் கிலோமீட்டராக்க தூரம் தெரிய வேண்டும். அதையும் எஸ்2-வே கொடுக்கிறது. அதன் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால், நம்மை நோக்கியோ விலகியோ வரும் வேகம் நேரடியாகக் கிலோமீட்டரில் கிடைக்கும். பக்கவாட்டு ஓட்டம் கோணத்தில், முன்பின் ஓட்டம் கிலோமீட்டரில். இரண்டும் ஒரே பாதையின் இரண்டு முகங்கள் என்பதால் ஒன்றை மற்றொன்றோடு பொருத்தித் தூரத்தைக் கறந்துவிடலாம்.

எடை தெரிந்தால் போதாது, அது எவ்வளவு இடத்துக்குள் அடங்குகிறது என்பதுதான் முக்கியம். எஸ்2 மிக அருகில் வரும்போது நடுவிலிருந்து சூரியன்–பூமி தூரத்தைப் போல 120 மடங்கில் இருக்கிறது. நெப்டியூன் சூரியனிலிருந்து 30 மடங்கு தூரம். ஆக, நெப்டியூன் பாதையை நாலு மடங்கு பெரிதாக்கிய இடத்துக்குள் 43 லட்சம் சூரியன், ஆனால் வெளிச்சம் இல்லை. அணைந்துபோன நட்சத்திரங்களின் கூட்டமாக இருக்கலாமே என்றார்கள். அவ்வளவு நெருக்கத்தில் அவை ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, சில லட்சம் வருஷத்தில் கூட்டம் கலைந்தோ ஒன்றாக இடிந்தோ போயிருக்கும். பால்வழியின் வயதில் அது ஒரு கண் சிமிட்டல். மிஞ்சியது கருந்துளை.

இன்னொரு சான்று உண்டு, அது அவ்வளவு பேசப்படுவதில்லை. சுற்றியுள்ள நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் தாறுமாறாக ஓடும்போது, அந்த ரேடியோப் புள்ளி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பல வருஷம் அளந்து, பால்வழியின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அதன் நகர்வு நொடிக்கு ஒரு கி.மீ. கூட இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ஈக்கூட்டத்துக்கு நடுவில் எருமை நிற்பது மாதிரி. லேசான பொருளாக இருந்தால் மற்றவை இழுத்த இழுப்புக்கு அதுவும் ஆடியிருக்க வேண்டும்.

2018 மே மாதம் எஸ்2 மறுபடி நெருங்கி வந்தபோது எல்லாரும் தயாராக இருந்தார்கள். சிலியில் நாலு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைத்து அளந்தார்கள். வேகம் நொடிக்கு சுமார் 7,600 கி.மீ. கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு நொடியில் பதினைந்து தடவை. அந்த ஆழமான ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி சோர்ந்து சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டீன் கோட்பாடு சொன்னது அப்படியே தெரிந்தது. 2020-ல் இன்னொன்று: நீள்வட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்தில் ஒரு பாகை திரும்புகிறது, அதுவும் கோட்பாடு சொன்ன அளவில். அந்த வருஷ நோபலில் பாதி ரோஜர் பென்ரோஸுக்கு, மீதியைக் கென்ஸலும் கெஸும் பகிர்ந்துகொண்டார்கள். எஸ்2 அடுத்து நெருங்குவது 2034-ல்.

ஒரு புதிர் மட்டும் அப்படியே இருக்கிறது. எஸ்2 இளசு, வயது சில பத்து லட்சம் வருஷம்தான். கருந்துளைக்கு அவ்வளவு பக்கத்தில் நட்சத்திரம் பிறக்க முடியாது, வாயு திரளவே விடாது. வேறெங்கோ பிறந்து வந்தது என்றால் அதற்குள் எப்படி வந்து சேர்ந்தது? இன்னும் வாதம் நடக்கிறது.

இதெல்லாம் நம் வீட்டு முற்றத்தில் நடந்த கதை. மற்ற கேலக்ஸிகளில் என்ன செய்வது? அங்கே நடுப்பகுதியில் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே வெளிச்சத் திட்டு. அங்கே உதவுவது நிறமாலைக் கோடுகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் குறுக்கே தெரியும் மெல்லிய கோடுகள். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அதன் கோடு நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். இந்தக் கோடு நகர்வும் நமக்கு அந்நியமல்ல. கொங்கு நாட்டின் தென்சுவர் மாதிரி நிற்கும் பழனி மலையின் மேல், கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இதே கோடு நகர்வை வைத்துத்தான். எவர்ஷெட் விளைவு என்றே அதற்குப் பெயர்.

திட்டாகத் தெரியும் கேலக்ஸியில் இது எப்படி வேலை செய்யும்? சோமனூரில் ஒரு தறிக்கூடத்துக்கு வெளியே, தெருவில் நின்று கேளுங்கள். எந்தத் தறி எது என்று பிரிக்க முடியாது. ஆனால் எல்லாத் தறியும் ஒரே வேகத்தில், ஒன்றாகச் சேர்ந்து ஓடினால் 'தடக் தடக்' என்று அடி தெளிவாகக் கேட்கும். ஒவ்வொன்றும் ஒரு வேகம் என்றால் அடி கலைந்து 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். இரைச்சல் எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதை வைத்து உள்ளே வேகங்கள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று ஊகித்துவிடலாம். கேலக்ஸியின் நடுவில் நட்சத்திரங்கள் பல திசையில் பல வேகத்தில் ஓடினால், நிறமாலைக் கோடுகளும் அப்படித்தான் கலைந்து அகலமாகும். நடுவை நோக்கிப் போகப் போகக் கோடு திடீரென்று அகலமானால், உள்ளே ஏதோ கனமானது இருக்கிறது.

1978-ல் வாலஸ் சார்ஜென்ட், பீட்டர் யங் முதலியோர் எம்87-இல் இப்படிப் பார்த்து, நடுவில் 500 கோடி சூரியன் எடை இருக்கலாம் என்றார்கள். உடனே ஆட்சேபம் வந்தது. நட்சத்திரங்கள் வட்டமாகச் சுற்றாமல், பெரும்பாலும் தூரி (ஊஞ்சல்) ஆடுகிற மாதிரி நடுவை நோக்கிப் பாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தால், கருந்துளை இல்லாமலேயே கோடு அகலமாகத் தெரியுமே? சரியான கேள்வி. நட்சத்திரம் பொய் சொல்லாதுதான், ஆனால் அது சொல்வதில் பாதிதான் நம் காதில் விழுகிறது.

இதற்கு வழிசெய்த முறை 1979-ல் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்ட் கொடுத்தது. சாத்தியமான பாதைகள் எல்லாவற்றையும் கணினியில் ஓடவிட்டு, எந்தக் கலவை சேர்ந்தால் கேலக்ஸியின் வெளிச்சமும் கோடுகளும் ஒத்துவருகின்றன என்று பார்ப்பது. இவருடைய அப்பா கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட்தான் 1916-ல் ஐன்ஸ்டீன் சமன்பாடுகளைத் தீர்த்து, பிற்காலத்தில் கருந்துளை என்று புரிந்துகொள்ளப்பட்ட விடையைத் தந்தவர். அதே வருஷம் இறந்தும் போனார், மகனுக்கு அப்போது நாலு வயதுகூட நிறையவில்லை. அப்பா தாளில் எழுதியதை எடை போடும் தராசை மகன் செய்தார்.

இந்தத் தராசில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் நடுவில் சுமார் 14 கோடி சூரியன் வந்தது. மார்கழி முன்னிரவில் ஊருக்கு வெளியே போனால் அந்தக் கேலக்ஸியைக் கண்ணாலேயே மங்கலாகப் பார்க்கலாம். எம்87-இல்தான் பெரிய பஞ்சாயத்து. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டவர்கள் 2011-ல் 660 கோடி என்றார்கள். வாயுவை வைத்துக் கணக்கிட்டவர்கள் 2013-ல் 350 கோடி என்றார்கள். ஒரே பொருள், ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். 2019-ல் அந்த ஆரஞ்சு வளையத்தின் அளவை வைத்து எடை பார்த்தபோது 650 கோடி. படம் எடுத்ததன் பெரிய லாபம் எனக்கு இதுதான். வளையம் அழகு, சரி, ஆனால் எந்தச் சாட்சியை நம்புவது என்ற பழைய வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது. வாயுவை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். எம்106 என்ற கேலக்ஸியில் 1995-ல் நீராவி மேசர்களின் (லேசர் மாதிரி ரேடியோ அலையைப் பெருக்கி வீசும் வாயுத் திட்டுகளின்) வேகத்தை வைத்து 3.6 கோடி சூரியன் என்று கணித்தது ஏறக்குறைய அப்படியே இன்றும் நிற்கிறது. அங்கே வாயு ஒழுங்கான மெல்லிய தட்டாகச் சுற்றுகிறது, அதனால் நம்பலாம்.

எல்லாக் கேலக்ஸியிலும் இருக்கிறதா என்றால், இல்லை. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் எம்33-இல் நட்சத்திரங்களின் வேகத்தை அளந்து, இருந்தாலும் சில ஆயிரம் சூரியனுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று கண்டார்கள். தேடியவர்கள் 'இல்லை' என்றும் சொல்வதால்தான் 'இருக்கிறது' என்று சொல்லும்போது நம்ப முடிகிறது. போர் போடத் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருநாளாவது 'இந்தத் தோட்டத்தில் தண்ணீர் இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக, இன்னும் முடியாத ஒரு வழக்கு. ஒமேகா சென்டாரி, சுமார் 17,700 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகச் சேர்ந்த கொத்து. முன்பொரு சின்னக் கேலக்ஸியாக இருந்து, பால்வழி அதன் சதையை உரித்துத் தின்ற பிறகு மிஞ்சிய கொட்டை என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் நடுவில் ஒரு கருந்துளையும் மிஞ்சியிருக்க வேண்டும். ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்து மாக்ஸிமிலியன் ஹேபர்லே குழு, ஹபிள் தொலைநோக்கி இருபது வருஷத்தில் எடுத்த ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்து 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்தது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை இதற்காக எடுத்தவையே அல்ல, கேமராவைச் சரிபார்க்க எடுத்தவை. அவற்றில் நடுவுக்கு மிக அருகில் ஏழு நட்சத்திரங்கள் சிக்கின. அந்தக் கொத்தின் ஈர்ப்பு மட்டும் என்றால் எப்போதோ தப்பி ஓடியிருக்க வேண்டிய வேகம். ஓடவில்லை, அங்கேயே இருக்கின்றன. அப்படியானால் நடுவில் குறைந்தது 8,200 சூரியன் எடை வேண்டும் என்று 2024 ஜூலையில் எழுதினார்கள். அணைந்த நட்சத்திரங்களும் சிறு கருந்துளைகளும் கூட்டமாக இருந்தாலே கொத்தின் மற்ற வேகங்களை விளக்கிவிடலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பால்வழியின் நடுவில் 1990-களில் இருந்த நிலைதான் இங்கே இப்போது. வேகம் தெரிந்துவிட்டது, வளைவு இன்னும் தெரியவில்லை. அந்த ஏழில் ஒன்றின் பாதையாவது வளைவதை அளந்தால்தான் தீரும்.

அந்தக் கொத்தை இங்கிருந்தே பார்க்கலாம். கண்ணபுரம் தேர் சமயத்தில், சித்திரை இரவு பதினொன்றரை வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்துக்கு மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வலதுபுறம் இருப்பதிலிருந்து மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக, ஒன்றரைக் கைமுட்டி. சந்தை விளக்குகளை விட்டுக் காட்டுப்பக்கம் நடந்துபோனால் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல் தெரியும். பைனாகுலர் இருந்தால் வட்டமாகவே தெரியும். அந்த ஏழும் அதன் நடுவில்தான் இருக்கின்றன, பைனாகுலருக்கு எட்டாத மங்கலில்.